எலிக்கு வாகனமான கார்கள்

இரவு பத்து மணிக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் வந்து நிற்கும் காரின் என்ஜினில் நள்ளிரவு தாண்டியும் வெதுவெதுப்பு இருக்கும். வெளியே மழை. சுற்றுச்சுவரை மீசையால் உரசிக்கொண்டே ஓடிவரும் வீட்டெலி, முன்சக்கரத்தின் அருகில் ஒரு கணம் நின்று மோப்பம் பிடிக்கிறது. பிறகு டயரின் பள்ளங்களைப் பற்றி மேலே ஏறுகிறது. சக்கரத்திலிருந்து சஸ்பென்ஷன், அங்கிருந்து என்ஜினின் பக்கவாட்டு, அப்புறம் பேட்டரியின் தலை. பானெட்டுக்கு அடியில் இருட்டு உண்டு, சூடு உண்டு, மழைக்கு ஒதுங்கக் கூரை உண்டு. பூனை நுழைய முடியாத சந்துகள் ஏராளம். மெத்தைக்கு வேண்டிய பஞ்சைக்கூட பானெட்டின் உட்புறத்தில் கம்பெனியே ஒட்டி வைத்திருக்கிறது. மறுநாள் காலை டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அல்லது வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

மழைக்காலம் தொடங்கினால் கார் ஒர்க்‌ஷாப்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம், “எலி ஒயரைக் கடிச்சிருச்சு.” வளைகளில் தண்ணீர் புகும்போது எலிகள் மேட்டைத் தேடுகின்றன. நகரத்தில் எளிதாகக் கிடைக்கும் மேடு, நிறுத்தி வைத்த வண்டிதான்.

யார் ஏறுகிறார்கள்?

எல்லா எலியும் ஒரே எலி அல்ல. காரின் உள்ளே ஏறிக் குடியிருப்பது பெரும்பாலும் வீட்டெலி. உடலைவிட நீண்ட வாலும் பெரிய காதுகளும் கொண்ட இது, குழாயிலும் கேபிளிலும் சர்க்கஸ்காரனைப் போல ஏறும். சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஒரு பென்சில் நுழையும் ஓட்டை அது. அதனால் ஏசி காற்று உள்ளிழுக்கும் வழியாகப் புகுந்து டாஷ்போர்டின் பின்னால் கூடு கட்டிவிடும். பெருச்சாளி வேறு ரகம். முழு வளர்ச்சியில் ஒரு கிலோவை நெருங்கும் இந்தப் பிராணி மேலே ஏறுவதைவிடத் தோண்டுவதில் கெட்டி. ஆனால் வண்டிக்கு அடியில் தாழ்வாகத் தொங்கும் ஒயரும் ரப்பர் குழாயும் அதன் பல்லுக்கு எட்டும்.

பகலில் வரும் விருந்தாளி அணில். அதுவும் கொறிவிலங்குதான். வாரக்கணக்கில் மரத்தடியில் நிற்கும் காரில் தேங்காய் நாரும் பஞ்சும் கொண்டு வந்து திணித்துக் கூடு கட்டும். இந்தப் பட்டியலில் அநியாயமாகச் சேர்க்கப்படுவது மூஞ்சூறு. நீண்ட மூக்கும் கிறீச்சுக் குரலும் கொண்ட அது பூச்சிகளைத் தின்னும் பிராணி, கொறிக்கும் இனமே அல்ல. பார்க்கிங்கில் மூஞ்சூறைப் பார்த்து அடிப்பவர்கள் ஒயரைக் கடிக்காத ஒன்றைத்தான் அடிக்கிறார்கள்.

பசிக்கு அல்ல, பல்லுக்கு

எலியின் முன்வெட்டுப் பற்கள் நான்கும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளரும். தேயாவிட்டால் வாயை மூட முடியாது, தின்னவும் முடியாது. பல்லின் முன்பக்க எனாமலில் இரும்புச் சத்து சேர்ந்திருப்பதால் அது மஞ்சளாகவும் மிகக் கடினமாகவும் இருக்கும். பின்பக்கம் மென்மையானது, வேகமாகத் தேயும். ஆகவே கடிக்கக் கடிக்கப் பல் உளிபோலத் தன்னைத்தானே தீட்டிக்கொள்கிறது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. உதட்டின் ஓரத்தை அதற்குள் மடக்கிக்கொண்டால் கடித்த துணுக்கு தொண்டைக்குள் போகாது. பிளாஸ்டிக்கை மணிக்கணக்கில் கடித்தாலும் எலிக்கு வயிற்று வலி வராததன் காரணம் இதுதான். கடிபட்ட ஒயருக்கு அடியில் துணுக்குகள் அப்படியே குவிந்து கிடக்கும்.

ஒயரின் பருமன், வளையும் தன்மை, மேலுறையின் மென்மை மூன்றும் எலியின் பல்லுக்கு அளவெடுத்துச் செய்தவைபோல் அமைந்துவிட்டன. சூடு ஆறாத என்ஜினில் உறை இன்னும் இளகியிருக்கும். இதோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. எலிகள் போகும் வழியெல்லாம் சிறுநீர்ச் சொட்டுகளால் அடையாளம் இட்டுக்கொண்டே போகும். ஓர் எலி வந்து போன பானெட்டுக்குள் அடுத்த எலி வழி கேட்காமல் வரும். கடித்த ஒயரை மாற்றிவிட்டு உள்ளே கழுவாமல் விட்டால், அடுத்த வாரமே புது ஒயரும் போவது இதனால்தான்.

சோயா மேல் ஒரு வழக்கு

‘இப்போதைய கார்களில் ஒயர் உறையைச் சோயாவில் செய்கிறார்கள், அதுதான் எலிக்கு ருசிக்கிறது’ என்ற பேச்சு பல ஆண்டுகளாக உலவுகிறது. முழுக் கற்பனை அல்ல. பெட்ரோலியத்துக்குப் பதிலாகத் தாவரப் பொருள்களைக் கலந்த உறைகள் கார்களுக்குள் வந்தது உண்மை. அமெரிக்காவில் 2016-ல் டொயோட்டா, ஹோண்டா நிறுவனங்களுக்கு எதிராகக் கார் உரிமையாளர்கள் இதே காரணத்தைச் சொல்லிக் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். சோயா கலந்த உறை குறைபாடுள்ள பொருள், பழுதுச் செலவை வாரண்டி ஏற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எலி கடிப்பது காலங்காலமாக நடப்பது, உறையின் மூலப்பொருளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றன நிறுவனங்கள்.

ருசி வாதம் பலவீனமானது என்றே சொல்ல வேண்டும். சோயா உறை வருவதற்கு வெகுகாலம் முன்பே எலிகள் டெலிபோன் கேபிளையும் ஈயக் குழாயையும் கடித்திருக்கின்றன. ஈயத்தில் என்ன ருசி? இத்தனைக்கும், ஹோண்டா நிறுவனம் மிளகாயின் காரச்சத்தை ஏற்றிய டேப்பை ஒயர்களின் மேல் சுற்றுவதற்கென்றே உதிரிபாகமாக அமெரிக்காவில் விற்கிறது. காரணத்தை ஒப்புக்கொள்ளாவிட்டாலும் தொல்லையை ஒப்புக்கொண்டாயிற்று.

ஒரு ஒயர் அறுந்தால்

கார்பரேட்டர் காலத்துக் காரில் எலி கடித்தால் விளக்கோ ஹாரனோ போகும். மெக்கானிக் இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றிவிடுவார். இன்றைய காரில் என்ஜின், பிரேக், ஏர்பேக், ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சிறு கணினிகள். அவை ஒன்றோடொன்று பேசுவது முறுக்கிவிட்ட இரண்டு மெல்லிய ஒயர்கள் வழியாக. அவற்றில் ஒன்று நறுக்கப்பட்டால், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத ஐந்தாறு எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும். சக்கரத்தின் சுழற்சியை அளக்கும் சென்சாரின் ஒயர் போனால் ஏபிஎஸ் வேலை செய்யாது. ஆக்ஸிஜன் சென்சாரின் ஒயர் போனால் வண்டி ஓடும், ஆனால் பெட்ரோலைக் குடிக்கும். இன்ஜெக்டர் ஒயர் போனால் என்ஜின் உதறும்.

பாதி கடித்த ஒயர், முழுதாக அறுந்ததைவிடத் தொல்லை தரும். காய்ந்த நாளில் எல்லாம் சரியாக இருக்கும். மழையில் ஈரம் புகுந்ததும் விளக்கு எரியும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அணைந்திருக்கும். கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஆகும் கூலி, ஒயரின் விலையைவிடப் பல மடங்கு ஆவது இப்படிப்பட்ட நேரங்களில்தான். ஒயர்கள் எல்லாம் சேர்ந்த முழு ஹார்னஸையும் மாற்ற வேண்டி வந்தால் டாஷ்போர்டைக் கழற்றும் வேலை. உயர்ரகக் கார்களில் பில் லட்ச ரூபாயைத் தாண்டும்.

பணத்தோடு முடியாத அபாயங்கள் இரண்டு. எரிபொருள் போகும் ரப்பர் குழாய் கடிபட்டுச் சூடான என்ஜின் மேல் பெட்ரோல் கசிவது ஒன்று. சைலன்சர் குழாய் தொடங்கும் இடத்தருகே எலி சேர்த்து வைத்த காய்ந்த இலையும் துணியும் பற்றிக்கொள்வது மற்றொன்று. ஓடும் காரில் துணி கருகும் வாடை வந்தால் ஓரம் கட்டி என்ஜினை அணைப்பதைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

ஸ்கூட்டர்களும் தப்புவதில்லை. சீட்டின் ஃபோம், முன் ஏப்ரனுக்குள் போகும் ஒயர்க்கட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி ஆகிய மூன்றும் எலி விரும்பும் இடங்கள். மின்சார வண்டியில் என்ஜின் சூடு இல்லை என்றாலும் இருட்டும் ஒதுங்கலும் உண்டு. அதில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் பாய்பவை. அவற்றில் பல் தடம் தெரிந்தால் உரிமையாளரோ தெருமுனை மெக்கானிக்கோ தொடக் கூடாது.

[பெட்டிச் செய்தி]
எலி வந்து போனதைக் காட்டும் தடயங்கள்
பேட்டரியின் மேலும் ஏர் ஃபில்டர் மூடியின் மேலும் எச்சம்: அரிசி அளவென்றால் சுண்டெலி, அரை அங்குலமும் அதற்கு மேலும் என்றால் எலி.
பானெட்டின் உட்புறப் பஞ்சில் பிய்த்த பள்ளம்.
ஏசி போட்டதும் மூத்திர வாடை: பெரும்பாலும் கேபின் ஃபில்டரில் கூடு இருக்கும்.
என்ஜின் மூலையில் கோழி எலும்பு, ரொட்டித் துண்டு, தேங்காய்ச் சில்லு. இது வந்து போகும் எலி அல்ல, குடியேறிய எலி.
சுவரின் அடியில் கறுத்த எண்ணெய்ப் பிசுக்குக் கோடு: எலியின் வழக்கமான பாதை.

ஒரு வாரம் பலிக்கும் வைத்தியங்கள்

எலியை விரட்டக் கைவைத்தியங்களுக்குப் பஞ்சமே இல்லை. புகையிலைக் கட்டு, அந்துருண்டை, பினாயில், புதினா எண்ணெய், மிளகாய்ப்பொடி, வேப்பெண்ணெய், கடையில் விற்கும் ஸ்பிரே. ஒவ்வொன்றுக்கும் ‘எனக்குப் பலித்தது’ என்று சத்தியம் செய்ய ஆள் இருக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. எலிக்குப் புதிதாக எதைக் கண்டாலும் சந்தேகம். நேற்று இல்லாத பொருள், நேற்று இல்லாத வாடை என்றால் சில நாள் விலகியே நடக்கும். ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வரும். முதல் வாரத்தில் எந்த வைத்தியமும் பலித்ததுபோலத் தோன்றுவதும், மூன்றாவது வாரத்தில் எதுவும் பலிக்காமல் போவதும் இந்தச் சுபாவத்தால். ஸ்பிரேக்கு வேறொரு சிக்கலும் உண்டு: என்ஜின் சூட்டில் வாடை பறந்துவிடும்.

அந்துருண்டையின் ஆவி ஏசி வழியாகக் காருக்குள் வரும். குழந்தைகள் உட்காரும் இடத்தில் அது நல்லதல்ல. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் ரத்த சிவப்பணுக்களை அது சிதைக்கக்கூடும். மண்ணெண்ணெயையோ பழைய என்ஜின் ஆயிலையோ ஒயரின் மேல் தடவுவது ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். தீப்பிடிக்கும் வாய்ப்பையும் கூட்டும்.

மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பும் கருவிகள் நன்றாக விற்கின்றன. அந்த ஒலி பொருள்களைத் துளைத்துப் போகாது, தூரம் கூடக்கூட வேகமாகத் தேயும். சந்துபொந்து நிறைந்த என்ஜின் அறையில் அதற்கு நிழல் விழும் இடங்களே அதிகம். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2001-ல் இப்படிப்பட்ட கருவிகளைச் செய்தும் விற்றும் வந்த 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, நிரூபணம் இல்லாமல் பலன் சொல்லி விற்கக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

விஷம் வைப்பது காரைப் பொறுத்தவரை மோசமான யோசனை. விஷம் தின்ற எலி உடனே சாவதில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை விஷம் என்றால் சில நாள் ஆகும். அது சாகத் தேடும் ஒதுக்குப்புறம், ஏசி புளோயருக்குப் பின்னாலும் இருக்கலாம். அந்த நாற்றத்தைப் போக்க டாஷ்போர்டையே பிரிக்க வேண்டி வரும். விஷ எலியைத் தின்னும் பூனையும் கூகையும் சேர்ந்து சாகும். இருக்கிற எலிக்கு இயற்கை எதிரியையும் இழந்ததுதான் மிச்சம்.

நிற்கும் இடம்

பலன் தருபவை மூன்று: சோறு, வழி, நேரம். மூன்றும் வண்டியைவிட வண்டி நிற்கும் இடத்தைச் சேர்ந்தவை.

சோறு என்பது பார்க்கிங்கின் மூலையில் மூடி இல்லாமல் நிற்கும் குப்பைத்தொட்டி, தெருநாய்க்கு வைத்த சாதம், புறாவுக்கு இறைத்த தானியம், காரின் பின்சீட்டுக்கு அடியில் உதிர்ந்த முறுக்கு. கோயிலுக்குப் போய்வந்த நாளில் கதவின் பையில் மறந்த புளியோதரைப் பொட்டலம் ஒன்று போதும். குடியிருப்புச் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறை மருந்தடிப்பவரைக் கூப்பிடுவதைவிட, மூடியுள்ள தொட்டி வாங்கி இரவுக்குள் குப்பையை அப்புறப்படுத்துவது எலிக்கணக்கைக் குறைக்கும். பெண் எலி மூன்று வாரம் சுமந்து, ஒரு ஈற்றில் ஆறு முதல் பத்துக் குட்டி போடும். குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் ஈனும் வயதுக்கு வந்துவிடும். சோறு இருக்கும்வரை நான்கைந்தைப் பிடிப்பதால் எண்ணிக்கை குறையாது.

வழியை அடைப்பது அடுத்தது. எலி திறந்தவெளியில் ஓடத் தயங்கும், சுவரோரமே அதன் சாலை. வண்டியைச் சுவரிலிருந்து தள்ளி, வெளிச்சம் விழும் இடத்தில் நிறுத்துவதே முதல் தடுப்பு. சுற்றுச்சுவர் வளைகளைச் சிமெண்டும் கண்ணாடித் துண்டும் சேர்த்து அடைக்கலாம். வண்டியில் ஏசிக் காற்று உள்ளே போகும் திறப்பில் ஆறு மில்லிமீட்டரைவிடச் சிறிய கண்ணுள்ள ஸ்டெயின்லெஸ் வலையைப் பொருத்தலாம். பிளாஸ்டிக் கொசுவலை எலிக்கு ஒரு நிமிட வேலை. வலை எதுவும் பெல்ட்டையோ ரேடியேட்டர் விசிறியையோ தொடக் கூடாது, காற்றோட்டத்தையும் அடைக்கக் கூடாது. கார டேப்பும் நெளிகுழாய் உறையும் ஏற்கெனவே கடிபட்ட பகுதிகளுக்கு உதவும். முழு என்ஜினையும் சுற்றிவிட முடியாது. பூட்டிய கேரேஜ் உள்ளவர்கள் இரவில் பானெட்டைத் திறந்தே வைப்பதுண்டு. இருட்டும் கூரையும் போனால் எலிக்கு அந்த இடத்தில் வேலை இல்லை.

நேரம் மூன்றாவது. தினம் ஓடும் வண்டியில் கூடு நிலைக்காது. 2020 ஊரடங்கில் இது பெரிய அளவில் தெரிந்தது. உணவகங்கள் மூடிக் கிடந்ததால் தீனி தேடி அலைந்த எலிகளுக்கு, மாதக்கணக்கில் அசையாத கார்கள் வரிசையாகக் கிடைத்தன. வெளியூர் போகிறவர்கள் சாவியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்த்து வண்டியை இடம் மாற்றி நிறுத்தச் சொல்வது, விலையுயர்ந்த எந்தக் கருவியையும்விட மேல். வண்டி முழுவதையும் போர்த்தும் கவர், எலிக்குக் கூடுதல் மறைவு.

பொறி வைப்பவர்களுக்கு ஒரு நுணுக்கம். முதல் மூன்று நான்கு இரவு மசால் வடையைப் பொறியில் வைத்து, விசையைப் போடாமல் விட வேண்டும். எலி பயம் தெளிந்து தின்னப் பழகிய பின் விசையைப் போட்டால் ஒரே இரவில் சிக்கும். பொறி காருக்குள் அல்ல, சுவரோரம் பிசுக்குக் கோட்டின் மேல் இருக்க வேண்டும்.

[பெட்டிச் செய்தி]
மலை அணிலும் மார்ட்டினும்
கலிபோர்னியாவின் செக்வோயா தேசியப் பூங்காவில் மினரல் கிங் என்ற பள்ளத்தாக்கு உண்டு. அங்கே மார்மட் எனும் பருத்த மலை அணில்கள், கோடையில் மலையேறிகள் நிறுத்திப் போகும் கார்களின் ரேடியேட்டர் குழாயையும் ஒயரையும் கடிக்கும். தரையில் தார்ப்பாய் விரித்து அதன் மேல் காரை ஏற்றி, பாயை நாற்புறமும் தூக்கிக் கட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம். பானெட்டுக்குள் தூங்கிப்போன மார்மட் காரோடு வெகுதூரம் போய் இறங்கியதும் உண்டு.
ஜெர்மனியில் எதிரி எலி அல்ல, கீரி போன்ற தோற்றமுடைய மார்ட்டின். ஆண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் காப்பீட்டுக் கோரிக்கைகள் இதனால் வருகின்றன. ஓர் ஆண் மார்ட்டின் வாடை விட்ட கார், இன்னொன்றின் எல்லைக்குள் போய் நின்றால் போட்டி வெறியில் ஒயர்கள் நாராகும். அதனால் அங்கே என்ஜினைக் கழுவி வாடையைப் போக்குவது தடுப்பின் முதல் படி. மாட்டு வேலிபோல லேசாக ஷாக் அடிக்கும் தகடுகளையும் பானெட்டுக்குள் பொருத்துகிறார்கள்.

கூட்டைக் கலைக்கும்போது

எலியின் சிறுநீரில் பரவும் கிருமியே எலிக்காய்ச்சலைத் தருகிறது. கையில் உள்ள சிறு கீறல், கண், வாய் வழியாக உடலுக்குள் போகும். ஆகவே காய்ந்த கூட்டைத் துடைப்பத்தால் கூட்டுவதும் ஏர்கன்னால் ஊதுவதும் தவறு. பேட்டரி இணைப்பைக் கழற்றி, என்ஜின் முழுதாக ஆறிய பின், ரப்பர் கையுறையும் மாஸ்க்கும் அணிந்து, கூட்டின் மேல் கிருமிநாசினிக் கரைசலைத் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஈரமாகவே எடுத்துப் பையில் கட்ட வேண்டும். கேபின் ஃபில்டரில் வாடை ஏறியிருந்தால் கழுவாமல் புதிதாக மாற்றுவது நல்லது. அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், எலிக்கூட்டைத் தொட்ட விவரத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் சோதனையும் மருந்தும் சீக்கிரம் தொடங்கும்.

இன்ஷூரன்ஸ் தருமா?

கம்பெனி வாரண்டியில் எலிக்கடிக்குப் பெரும்பாலும் இடமில்லை. வெளிக்காரணம் என்று ஒதுக்கிவிடுவார்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கும் ஒன்றும் கிடைக்காது. சொந்த வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த முழுப் பாலிசியில், ‘வெளிப்புற விபத்துக் காரணம்’ என்ற தலைப்பின் கீழ் பல நிறுவனங்கள் எலிக்கடியை ஏற்கின்றன. அதே பாலிசியில் மின்கோளாறுக்கும் தேய்மானத்துக்கும் தொடர்விளைவு நஷ்டத்துக்கும் விலக்கு உண்டு. சண்டை எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஒயர் அறுந்தது விபத்து. அறுந்த ஒயரோடு வண்டியை ஓட்டி, அதனால் கணினிப் பெட்டி கருகினால் அது தொடர்விளைவு என்று சர்வேயர் எழுத இடம் இருக்கிறது. எனவே விளக்கு எரிந்ததும் வண்டியை ஓட்டாமல், பல் தடமும் எச்சமும் தெரியும்படி படம் எடுத்து, கழுவுவதற்கு முன், பழுது பார்ப்பதற்கும் முன் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

பணம் வந்தாலும் முழுதாக வராது. 1500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் கட்டாயக் கழிவு. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள். ‘ஜீரோ டெப்’ சேர்த்திருந்தால் இந்தப் பிடித்தம் இல்லை. இதைவிடப் பெரிய கணக்கு ‘நோ க்ளெய்ம் போனஸ்’. க்ளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்குப் பின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்தாண்டில் 50 சதவீதத்தை எட்டும் இந்தச் சலுகை, அதைப் பாதுகாக்கும் துணைப் பாலிசி இல்லாதவருக்கு ஒரே க்ளெய்மில் சுழியமாகிவிடும். உதாரணமாக, சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 ரூபாய் வரும் காருக்கு 50 சதவீதச் சலுகை இருந்தால், அடுத்த புதுப்பித்தலில் மட்டும் 6,000 ரூபாய் கூடுதலாகும். அதன் பிறகும் பழைய சலுகையை எட்ட ஐந்து ஆண்டு. ஒயர் ஒட்டும் பில் மூவாயிரம் ரூபாய் என்றால் கைக்காசைக் கொடுத்துவிடுவது லாபம். முழு ஹார்னஸ் என்றால் க்ளெய்ம் போடுவது லாபம்.